கடற்கரையா, குளக்கட்டா, குடும்பிமலையா: கழகத்துக் கிரொஸ் கன்ட்ரிக்கு எந்தத் தரை?

கிரொஸ் கன்ட்ரி ஓட்டம் ஒன்று வைப்போம் என்று மட்டக்களப்பு விளையாட்டுக் கழகம் ஒன்றின் கூட்டத்தில் முடிவெடுக்கப் பத்து நிமிடம் போதும். எங்கே வைப்பது என்ற கேள்வி வந்ததும் கூட்டம் மூன்றாகப் பிரிந்துவிடும். கல்லடிப் பக்கத்துப் பொடியன்மார் கடற்கரை என்பார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் உள்ளவர்கள் குளக்கட்டு என்பார்கள். மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றும் இரண்டு பேர் குடும்பிமலை என்று சொல்லி, போனில் எடுத்த படத்தையும் காட்டுவார்கள். இந்த வருடம் மட்டும் மூன்று கழகங்களின் செயலாளர்கள் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். மூன்று தரையிலும் ஓடியும் இருக்கிறேன், ஓட வைத்தும் இருக்கிறேன். தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டு விழாவில் நாம் ஓடும் நெடுந்தூர ஓட்டம் எல்லாவற்றுக்கும் மரதன் என்றுதான் பெயர், தூரம் ஐந்து கிலோமீற்றராக இருந்தாலும். அது தார் ரோட்டு ஓட்டம். பொலிஸ் முன்னுக்குப் போகும், சனம் இரண்டு பக்கமும் நிற்கும், பாதை தவற வழியில்லை. கிரொஸ் கன்ட்ரியில் தார் இருக்காது. புல், மணல், சேறு, கிரவல், மேடு, பள்ளம் என்று தரை மாறிக்கொண்டே இருக்கும். மரதன் வைத்த அனுபவத்தை மட்டும் நம்பி இதில் இறங்கினால் முதல் வருடமே அடிபடும். நாங்கள் அப்படித்தான் அடிபட்டோம்.

## எதை வைத்து அளப்பது

என் அளவுகோலில் முதலாவது இதுதான்: கடைசியாக ஓடி வருகிறவர் எங்கே விழுந்தாலும், ஐந்து நிமிடத்துக்குள் ஒருவர் அவர் பக்கத்தில் நிற்க முடியுமா? மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இது புத்தகத்தில் படித்து வந்ததல்ல. சில வருடங்களுக்கு முன் ஒரு ஆனி மாதம், கச்சான் என்ற சூடான மேற்குக் காற்று அடிக்கிற நேரம், எட்டுக் கிலோமீற்றர் ஓட்டம் ஒன்றை வைத்தோம். ஒரு முனையில் தொடக்கம், மறு முனையில் முடிவு. ஆட்களைக் கூட்டி வரும் பஸ் பிந்தியதால் ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது ஏழரைக்குத் தொடங்கியது. முடிவில் எண்ணிப் பார்த்தால் ஒரு ஆள் குறைவு. பதினேழு வயதுப் பொடியன். வீட்டுக்குப் போயிருப்பான் என்று ஒருவர், வாய்க்காலில் குளிக்கிறான் என்று இன்னொருவர். தேடிக் கண்டுபிடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. பாதையை விட்டு விலகி ஒரு மருத மரத்தடியில் கிடந்தான். கண் திறந்திருந்தது, பேர் கேட்டால் பதில் இல்லை, தோல் அடுப்பில் வைத்த சட்டிபோலச் சுட்டது. வாய்க்கால் தண்ணீரைக் கைகளாலும் சேர்ட்டுகளாலும் அள்ளி அள்ளி ஊற்றினோம். பிழைத்துவிட்டான், இன்றைக்கும் எங்களோடு ஓடுகிறான். ஆனால் அந்த இருபத்தைந்து நிமிடத்தை அன்று அங்கே நின்ற எவரும் மறக்கவில்லை.

வெயில் என்பது நம் ஊருக்கு மட்டும் உள்ள சிக்கலும் இல்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கிரொஸ் கன்ட்ரி கடும் வெயிலில் நடந்தது. ஓடத் தொடங்கியவர்கள் 38 பேர், முடித்தவர்கள் 15 பேர். பின்லாந்தின் பாவோ நூர்மி வென்றார். அதன் பிறகு ஒலிம்பிக்கில் கிரொஸ் கன்ட்ரி வைக்கப்படவேயில்லை. உலகின் மிகத் தேர்ந்த ஓட்டக்காரர்களுக்கே அந்த நிலை என்றால் நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

மற்ற அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தரை உண்மையிலேயே கலப்பாக இருக்கிறதா? எந்த மாதங்களில் ஓடலாம்? எத்தனை பேரிடம் அனுமதி கேட்க வேண்டும்? கணக்குப் புத்தகத்தில் வராத செலவு என்ன? சப்பாத்து இல்லாத பிள்ளை ஓடலாமா? பெண்கள் உடுப்பு மாற்றவும் மலசலகூடம் போகவும் இடம் உண்டா? கடைசி இரண்டையும் சின்ன விடயம் என்று நினைக்கிற கழகத்தில் இரண்டாம் வருடம் பெண்கள் பேர் கொடுக்கமாட்டார்கள். வெறுங்காலோடு ஓடிப் பழகிய மீனவக் கிராமத்துப் பிள்ளைகளும் வரமாட்டார்கள்.

## தெரிவு 1: கல்லடி – நாவலடி கடற்கரை

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவே ஒடுங்கிய மணல் நிலம். வடக்கே போனால் முகத்துவாரத்தோடு நிலம் முடிந்துவிடும், ஆகவே பாதை தவறி எவரும் தொலைந்துபோக வழியில்லை. பக்கத்திலேயே ரோடு ஓடுகிறது. கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் போதனா வைத்தியசாலை. முதல் அளவுகோலில் இந்த இடத்துக்கு நல்ல புள்ளி.

தரை ஒரே மணலாகத் தெரியும், ஓடிப் பார்த்தால்தான் வித்தியாசம் விளங்கும். அலை நனைத்த ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் அந்தக் கெட்டிப் பட்டை அகலமில்லை. அதற்கு மேலே காய்ந்த மணல். காய்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைப்போல் சுமார் 1.6 மடங்கு சக்தி செலவாகும் என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். கடற்கரை ஆறு கிலோமீற்றரை ரோட்டு ஆறு என்று நினைத்து வருகிறவர்கள் நான்காவதில் நடக்கத் தொடங்குவது அதனால்தான். இன்னும் மேலே அடம்பன் கொடி, இராவணன் மீசைப் புல், சவுக்குத் தோப்பு. சவுக்குச் சருகின் மேல் ஓடுவது காலுக்கு மெத்தை. இராவணன் மீசை வெறுங்காலுக்கு ஊசி. பாதையை அடையாளமிடும்போது அதைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள்.

ஈர மணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் மூன்று கிலோமீற்றர் ஓடினால் ஒரு காலின் கணுக்கால் நோகும். போன வழியே திரும்பி வரும்படி பாதை போட்டால் இரண்டு காலுக்கும் சமமாகிவிடும்.

இனி மறைந்திருக்கும் செலவு. கரைவலை. முதல் முறை நாங்கள் ஓடவைத்த அன்று காலை ஆறே காலுக்கு, கரையில் இருபது பேர் வலையை இழுத்துக்கொண்டு நின்றார்கள். கடலிலிருந்து மேலே தென்னை வரை இடுப்பளவு உயரத்தில் கயிறு விறைத்து நின்றது. முன்னால் வந்தவர் தாண்டிப் பாய்ந்தார். இரண்டாவது ஆள் கயிற்றில் நெஞ்சு அடிபட்டு மல்லாக்க விழுந்தார். நான் ஓடிப்போய் வலைக்காரர்களின் தலைவரிடம், "அண்ணை, ஒரு ரெண்டு நிமிசம் இறக்கிப் பிடிக்க ஏலாதா?" என்றேன். அவர் கயிற்றை விடாமலே சொன்னார்: "மகன், மடி கரைக்கு வாற நேரம் கயித்த விட ஏலாது. நேத்துச் சொல்லியிருந்தா ஒரு மணித்தியாலம் பிந்தி வளைச்சிருப்பம்." நியாயமான பேச்சு. அடுத்த வருடம் ஒரு கிழமைக்கு முன்னரே கரையில் மீனவர் தங்கும் வாடிக்குப் போய்ச் சொன்னோம். அன்று கயிறும் இல்லை, கலகமும் இல்லை. ஓட்டம் முடிந்ததும் அவர்களுடைய ஐஸைத்தான் எங்கள் ரெஜிபோம் பெட்டியில் நிரப்பினோம்.

இன்னும் மூன்று. கரையில் உடைந்த போத்தல் கிடக்கும், முதல் நாள் பின்னேரம் ஆள் வைத்துப் பொறுக்க வேண்டும். வாடி நாய்கள் கூட்டமாக ஓடுகிறவர்களைத் துரத்தும், வளர்ப்பவர்களிடம் சொல்லிக் கட்டவைக்க வேண்டும். 2004 சுனாமி கொண்டுபோன வீடுகளின் அத்திவாரம் சில இடங்களில் மணலுக்குள் மூடிக் கிடக்கிறது, காலால் தடவிப் பார்த்துத்தான் பாதை போட வேண்டும். அதோடு மார்கழி (டிசெம்பர்) 26 ஐ அண்டிய நாட்களில் அந்தக் கரையில் ஓட்டம் வேண்டாம். நாவலடியில் அன்று விளக்கேற்றுகிற குடும்பங்கள் இருக்கின்றன.

எப்போது இது நல்ல தெரிவு: முதல் முறை வைக்கும் கழகம், பிள்ளைகளும் முதியவர்களும் கலந்துகொள்ளும் ஓட்டம், வெறுங்காலர் அதிகம் வரும் ஓட்டம், கையில் காசு குறைந்த வருடம்.

## தெரிவு 2: படுவான்கரை வயலும் குளக்கட்டும்

என் மனம் இங்கேதான். அதை மறைக்காமலே சொல்லிவிட்டு நியாயம் பேசுகிறேன்.

2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு படுவான்கரை தூரமில்லை. முன்பு பாதை என்ற மிதவைப் படகுக்குக் காத்துநின்று வாவியைக் கடந்த இடத்தை இன்று லொறி சில நிமிடத்தில் கடக்கிறது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் வயல் வரம்பு, வாய்க்கால் ஓரம், கிரவல் ரோடு, குளக்கட்டு, மேய்ச்சல் புல் எல்லாம் இரண்டு கிலோமீற்றருக்குள் கிடைக்கின்றன. கலப்புத் தரைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

குளக்கட்டின் அருமை ஏறி நின்றால்தான் தெரியும். மேல் நின்று பார்த்தால் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் அறுத்த வயல் முழுவதும் கண்ணுக்குள் வந்துவிடும். வரம்பில் வருகிறவர்களின் பனியன் நிறம்கூடத் தெரியும். இரண்டு பேர் கட்டின் இரண்டு முனையிலும் நின்றால் ஓடுகிறவர்களில் எவரும் பார்வைக்குத் தப்பமுடியாது. மரத்தடியில் கிடந்த அந்தப் பொடியனை இங்கே அரை நிமிடத்தில் கண்டிருப்போம்.

இன்னொரு நன்மை மேடு. உலகத் தடகள விதிப்படி கிரொஸ் கன்ட்ரிச் சுற்று ஒன்று 1,500 முதல் 2,000 மீற்றர் வரை இருக்க வேண்டும், அதில் மொத்த ஏற்றம் 10 மீற்றராவது இருப்பது நல்லது என்பது பரிந்துரை. மட்டக்களப்பின் தட்டை நிலத்தில் 10 மீற்றருக்கு எங்கே போவது? ஐந்து மீற்றர் உயரக் கட்டு ஒன்றை ஒரு சுற்றில் இரண்டு தடவை ஏறவைத்தால் கணக்குச் சரி. ஆனால் ஏறுவது வண்டி ஏறும் சாய்தளத்தால் மட்டும். கட்டின் சரிவில் எழுபது பேர் சறுக்கி ஏறினால் மண் பெயரும். அடுத்த மாரியில் அந்த இடத்தில் நீர் அரிக்கும். கமக்காரர்களின் கோபத்துக்கு அதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

வரம்பு ஒன்றரை அடி அகலம். முந்தவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. தொடங்கிய உடனே வரம்புக்குள் விட்டால் நாற்பது பேர் வரிசையில் நின்றுவிடுவார்கள். அறுத்த வயலிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ முந்நூறு, நானூறு மீற்றர் அகலமாக ஓடவிட்டு, கூட்டம் நீண்ட பிறகு வரம்பில் ஏற்றுங்கள். அரிதாள் வெட்டுக் காய்ந்து கூராக நிற்கும். வெறுங்காலில் வருகிறவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் மண்வெட்டியால் செதுக்கிவிடலாம், ஒரு நாள் வேலை.

காலம்தான் இங்கே இறுக்கம். பெரும்போகத்து வேளாண்மை தையின் கடைசியில் தொடங்கி மாசி, பங்குனி வரை அறுப்பார்கள். நீர்ப்பாசன வயல்களில் சித்திரையில் சிறுபோக உழவு வந்துவிடும். மானாவாரி வயல்கள் ஐப்பசி வரை சும்மா கிடக்கும், ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் காற்றில் ஓடவிட நான் இனி ஒப்பமாட்டேன். ஆக மாசி நடுவிலிருந்து பங்குனி முடிய ஆறேழு கிழமை. அறுவடை மெசின் பிந்தினால் திகதியும் பிந்த வேண்டும். அட்டையில் திகதி அடித்துவிட்டுக் கமக்காரரை அவசரப்படுத்துகிற கழகத்துக்கு மறு வருடம் வயல் கிடையாது.

அனுமதி இங்கேதான் அதிகம். பெரிய குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், சிறிய குளமும் வாய்க்காலும் என்றால் கமநல சேவை நிலையம், பிறகு கமக்காரர் அமைப்பு, பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், பொலிஸ். கடிதங்கள் இவ்வளவும் கையில் இருந்தாலும் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையின் வாய்ச்சொல் இல்லாமல் இறங்க வேண்டாம். எந்த வயல் அறுத்தாயிற்று, எந்த வாய்க்காலில் தண்ணீர் விடுகிறார்கள், எந்தப் பட்டிக்காரர் எப்போது மாடு இறக்குகிறார் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கிறது.

மாடு என்றதும் ஞாபகம். பாதைக்குப் பொலித்தீன் நாடா கட்ட வேண்டாம். அறுத்த வயலில் இறங்கும் பட்டி அதைத் தின்றுவிடும். பாதை அழிவது ஒரு புறம், மாடு செத்தால் யார் பொறுப்பு? குருத்தோலையும் துணிக்கொடியும் போதும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் மஞ்சள் என்று நாங்கள் வைத்திருக்கிறோம். திருப்பங்களில் சுண்ணாம்புத் தூள்.

நோய், விஷ விடயம் இரண்டு. வயல் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும், காலில் காயம் உள்ளவர்களுக்கு ஆபத்து. தண்ணீர் நிற்கும் இடங்களைத் தவிர்த்துப் பாதை போடுங்கள், ஓட்டத்துக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை கேளுங்கள். அடுத்த சில கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், வயலில் ஓடியதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லும்படி எல்லோருக்கும் அறிவியுங்கள். வரம்பு வளைகளில் புடையன் பாம்பு இருக்கும், ஆள் நடமாட்டம் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கும். ஓட்டத்துக்கு அரை மணி முன்னர் இரண்டு பேர் தடி தட்டிக்கொண்டு வரம்பு முழுவதும் நடந்து வந்தால் நல்லது. கடித்தால் கட்டுவதும் வெட்டுவதும் வேண்டாம், ஆளை அசையவிடாமல் வைத்தியசாலைக்கு. குளத்தில் முதலை உண்டு என்பதால் களைப்புத் தீரக் குளத்தில் இறங்குவதற்கும் தடை.

எப்போது இது நல்ல தெரிவு: ஒரு முறையாவது ஓட்டம் நடத்திய கழகம், கமக்காரர் குடும்பங்களோடு பழக்கம் உள்ள கழகம், பல கழகங்களை அழைத்து அணிப் போட்டி வைக்க நினைக்கிறவர்கள்.

## தெரிவு 3: குடும்பிமலை அடிவாரம்

அழகைப் பற்றி வாதமே இல்லை. பற்றைக்காடு, பாறை, மணல் ஓடை, தூரத்தில் தலையில் குடும்பி முடிந்ததுபோல் நிற்கும் மலை. மூன்றில் உண்மையான காட்டோட்டம் இதுதான். ஒரு முறை ஓடியவர்கள் அந்தக் காலையை வாழ்நாள் முழுக்கப் பேசுவார்கள். நானும் பேசுகிறேன்.

ஆனால் முதல் அளவுகோலில் இது விழுந்துவிடுகிறது. பற்றைக்குள் இருபது மீற்றர் தள்ளி விழுந்த ஆளைப் பாதையிலிருந்து காணமுடியாது. போன் சிக்னல் இடையிடையே அறும். அங்கிருந்து வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கு நேரம் எடுக்கும். மாரியில் கிரான் பக்கத்து ரோட்டை வெள்ளம் மூடினால் அந்த வழியும் இல்லை.

யானைக்கும் வெயிலுக்கும் நடுவே மாட்டிக்கொள்வதும் இங்கேதான். இரவில் இறங்கிய யானை விடியும் நேரத்தில்தான் காட்டுக்குத் திரும்பும். ஆகவே ஆறு மணிக்குத் தொடங்க முடியாது. ஏழரை, எட்டு என்று தள்ளினால் வெயில் ஏறிவிடும். இரண்டுக்கும் ஒத்துவரும் நாள் மாசியில் மேகம் மூடிய ஒரு காலைதான். அதை முன்கூட்டி எவர் சொல்ல முடியும்?

வனத்துறை அனுமதி, பிரதேச செயலக அனுமதி, வாகனம், முதல் நாளே போய்த் தங்குவதற்கான ஏற்பாடு என்று செலவு பெருகும். பாறையும் முள்ளும் என்பதால் சப்பாத்து கட்டாயம், அதோடு கழகத்தின் பாதிப் பிள்ளைகள் வெளியே. மலசலகூடத்துக்கு எதுவும் கிடையாது. 2017 இல் மட்டக்களப்பு கண்ணிவெடி அகற்றி முடிந்த மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. இருந்தாலும் சண்டை நடந்த நிலம், தெரியாத இரும்பு எதையும் தொடவேண்டாம் என்ற அறிவித்தல் எப்போதும் தேவை.

எப்போது இது நல்ல தெரிவு: பதினெட்டு வயதைத் தாண்டிய, பயிற்சி உள்ள இருபது, முப்பது பேர் மட்டும் ஓடும்போது. இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்த்து ஓடவிடும்போது. உள்ளூர்ப் பட்டிக்காரர் ஒருவர் வழிகாட்டியாக வரும்போது. பரிசும் பார்வையாளரும் எதிர்பார்க்காத கழகத்துக்கு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கடற்கரை | குளக்கட்டு | குடும்பிமலை |
|---|---|---|---|
| விழுந்தவரை அடைதல் | சுலபம், ரோடு பக்கத்தில் | மிகச் சுலபம், முழுப் பாதையும் கண்ணில் | கடினம் |
| தரைக் கலப்பு | மணல் மட்டும், வகை வேறு | மிக நல்லது | மிக நல்லது |
| ஏற்ற மாதம் | மாசி முதல் சித்திரை வரை | மாசி நடு முதல் பங்குனி முடிய | மாசி, மேகம் இருந்தால் |
| அனுமதி | குறைவு, வலைக்காரர் முக்கியம் | அதிகம், வட்டவிதானை முக்கியம் | அதிகம், வனத்துறை முக்கியம் |
| வெறுங்கால் | ஆம் | அரிதாளைச் செதுக்கினால் ஆம் | இல்லை |
| பெண்களுக்கு வசதி | பக்கத்து வீடுகள், பாடசாலை | பாடசாலையில் தொடங்கினால் உண்டு | இல்லை |
| மறைந்த செலவு | போத்தல் பொறுக்கல், நாய் | செதுக்கல், திகதி மாறுதல் | வாகனம், தங்கல் |

## சுற்றா, நேரோட்டமா?

தரையைத் தேர்ந்தெடுத்த பிறகு வரும் இரண்டாவது கேள்வி. இங்கிருந்து அங்கே என்று நேராகப் பத்துக் கிலோமீற்றர் ஓடினால் பயணம்போல் இருக்கும், ஊர் ஊராகச் சனம் பார்க்கும். ஆனால் ஒரு பாதைக் காவலர் அடுத்தவரைக் காணும் தூரத்தில் நிற்க வேண்டுமென்றால் இருநூறு மீற்றருக்கு ஒருவர் தேவை. பத்துக் கிலோமீற்றருக்கு ஐம்பது பேர். இரண்டு கிலோமீற்றர்ச் சுற்றுக்குப் பத்துப் பேர் போதும். எந்தக் கழகத்திடம் ஐம்பது பேர் இருக்கிறார்கள்? ஓடாத ஐம்பது பேர்?

சுற்றில் ஓடுகிறவர்களை ஒவ்வொரு சுற்றிலும் எண்ணலாம். ஒருவர் வராவிட்டால் எந்த இரண்டு கிலோமீற்றருக்குள் தேடுவது என்று தெரியும். தண்ணீரையும் ஐஸையும் ஒரே இடத்தில் வைக்கலாம். களைத்தவர் சுற்று முடிவில் வெட்கமில்லாமல் விலகலாம். அம்மா அப்பா தம் பிள்ளையை மூன்று தடவை பார்ப்பார்கள். குறை ஒன்றுதான். வேகமானவர்கள் மெதுவானவர்களைச் சுற்றில் பிடித்துவிடுவார்கள், எண்ணுகிறவருக்குத் தலை சுற்றும். ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு கோடு என்று கொப்பியில் கீறினால் தவறாது. விலகுகிறவர் இலக்கத் துணியைக் கையளிக்காமல் போகக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாக வையுங்கள்.

தூரம்: பெரியவர்களுக்கு மூன்று சுற்று, 6 கிலோமீற்றர். பதினாறுக்குக் கீழே இரண்டு சுற்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தூரம் வையுங்கள். உலகப் போட்டியிலேயே 2017 முதல் இருபாலாருக்கும் 10 கிலோமீற்றர்தான்.

## தனியாளா, அணியா, அஞ்சலா?

தனியாள் பரிசு மட்டும் கொடுத்தால் முதல் மூன்று பேருக்குச் சந்தோசம், மற்றவர்கள் அடுத்த வருடம் வருவதில்லை. அணிக் கணக்கு அப்படியல்ல. ஒரு கழகத்தில் ஆறு பேர் ஓடட்டும், முதலில் வரும் நால்வரின் இடங்களைக் கூட்டுங்கள், குறைந்த கூட்டுத்தொகைக்கு வெற்றி. உலகப் போட்டியும் இதே வழிதான். ஒரு கழகத்துக்கு 1, 3, 12, 20 என்று இடங்கள் கிடைத்தால் கூட்டுத்தொகை 36. இன்னொன்றுக்கு 2, 5, 9, 14 என்றால் 30. முதலாவது ஆளை வைத்திருந்தும் முன்னைய கழகம் தோற்கிறது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சொல்வதைப் பிள்ளைகள் அன்று கண்ணால் காண்பார்கள். பதின்நான்காவதாக வருகிறவர் முடிவுக் கோட்டுக்கு ஐம்பது மீற்றர் இருக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவரை முந்துவார் பாருங்கள், அதற்காகத்தான் நான் இன்னும் இந்த வேலையில் நிற்கிறேன்.

அஞ்சலோட்டம் ஆள் குறைந்த கழகங்களுக்கு. இரண்டு ஆண், இரண்டு பெண், ஆளுக்கொரு சுற்று. ஆளுக்கு இரண்டு கிலோமீற்றர்தான் என்பதால் வெயிலுக்கும் பயமில்லை. பெண் ஓட்டக்காரரைத் தேடி வீடு வீடாகப் போகாத கழகம் அணியே அமைக்க முடியாது என்பது இதன் பெரிய நன்மை.

## எந்தத் தரையானாலும்

தொடக்கம் ஆறரைக்கு முன், முடிவு எட்டுக்கு முன். முடிவிடத்தில் ஒரு பெரிய பேசின் நிறையத் தண்ணீர், பெட்டியில் ஐஸ், நனைத்த சாரங்கள். ஓடுகிறவர் தள்ளாடினால், பேச்சுக் குளறினால், உடம்பு கொதித்தால், அதே இடத்தில் குளிர்விக்கத் தொடங்கிவிட்டு 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். குளிர்வித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும், அம்புலன்ஸ் வரட்டும் என்று சும்மா நிற்கக்கூடாது. கடைசி ஆளுக்குப் பின்னால் கழகத்தவர் ஒருவர் ஓடிவர வேண்டும், மணலிலும் வரம்பிலும் சைக்கிள் உதவாது. தொடங்கியவர் எண்ணிக்கையும் முடித்தவர், விலகியவர் எண்ணிக்கையும் சரியாகும் வரை கொடியைக் கழற்ற வேண்டாம், பரிசும் கொடுக்க வேண்டாம்.

கேட்ட மூன்று செயலாளர்களுக்கும் என் பதில் வேறு வேறு. இதுவரை மரதன் மட்டும் வைத்த கழகத்துக்குக் கடற்கரை, இரண்டு சுற்று, அஞ்சலோட்டம். ஏற்கெனவே இரண்டு முறை வைத்த கழகத்துக்குக் குளக்கட்டு, அணிப் போட்டி. குடும்பிமலைப் படத்தை அனுப்பிய தம்பிக்கு: இந்த வருடம் பத்துப் பேரோடு பயிற்சிக்குப் போய் வாருங்கள், போட்டியாக வைப்பதை அதன் பிறகு பேசுவோம்.

எங்கள் கழகம் இம்முறை குளக்கட்டு. வருகிற வெள்ளி பின்னேரம் ஐம்பது மீற்றர் அளவு நாடாவோடும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் வட்டவிதானை வீட்டுக்குப் போகிறோம். கிழக்கு வாய்க்காலில் தண்ணீர் எப்போது நிற்கும் என்று அவர் சொன்ன பிறகுதான் திகதி.